முட்டைக்குள் திரும்பிப் போன டிராகன்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பக்கத்து ஜான்-டலோன் காய்கறிச் சந்தையில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள்.

என் கையில் கத்தரிக்காய். முன்பின் தெரியாத மனுஷி. சுற்றிலும் ஏகப்பட்ட கூட்டம். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்? கல்யாணமான நாளிலிருந்து பொது இடத்தில் இவர்கூட என் கையைப் பிடித்ததில்லை — ஐஸில் வழுக்கி விழப்போகிற சமயங்கள் தவிர.

“மெர்சி, மதாம்! மெர்சி!” என்று நன்றி சொல்கிறாள். கண்ணில் தண்ணீர் வேறு. பக்கத்தில் அவளுடைய பெண், என் மகள் சுதாவின் கோட்டைப் பிடித்து இழுத்து, மூச்சுவிடாமல் எதையோ கேட்கிறது. சுதாவும் மூச்சுவிடாமல் பதில் சொல்கிறாள். அத்தனையும் பிரெஞ்சில்!

எல்லாம் ஒரு டிராகனால் வந்தது. செத்துப்போன ஜப்பான் டிராகன். அதை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் என் வீட்டுக்காரர்… என்ன செய்கிறோம் என்று தெரியாமலேதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எது முதல், எது முடிவு என்பதில்தான் எங்கள் வீட்டில் இத்தனை கலாட்டாவும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சுதாவுக்கு ஏழு வயசு. வீட்டில் அவள் வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதுகூட நுரையோடு பேசுவாள். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதித்தால் போதும், வாயில் பூட்டு.

காரணம் பிரெஞ்சு. பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் ஊரில் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. எங்களைப்போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இனி பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர வேண்டும். மெட்ராஸில் கான்வென்ட் இங்கிலீஷுக்காக விடிகாலையில் போய் வரிசையில் நிற்கிற இனம் நாம். “இங்கிலீஷ் இல்லாம என் பொண்ணு என்ன ஆவா?” என்று இவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தயிர்சாதம் மட்டும் இறங்கியது.

குளிர் ஆரம்பித்த சமயம், சுதாவின் டீச்சர் மதாம் ஜினெட் போன் செய்தாள். எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டுதான். இரண்டையும் உடனே சொல்லித் தீர்த்துவிட்டு, மாடிப்படியில் நின்று கீழ் வீட்டு யோகம் அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பேட்டையான பார்க் எக்ஸ்டென்ஷனிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. இந்த ஊர்ப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே பிரெஞ்சு கற்றுக்கொண்டவர்.

ரிசீவரை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

“பிள்ளைக்கு எல்லாம் விளங்குதாம். எழுதுறாளாம், படம் கீறுறாளாம். ஆனா வாயே திறக்கிறாளில்லையாம்.” கொஞ்சம் தயங்கினார். “ஈஸ்டருக்குள்ள கதைக்காட்டி, வாற வருசம் திரும்பவும் சின்னப் பிள்ளையளோட முதல் வகுப்பில இருத்திப்போடுவினமாம்.”

கதவோரம் சுதா நின்றுகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத் தமிழ் அவளுக்கு நன்றாகவே புரியும்.

“அம்மா, நான் மக்கா?”

அன்றைக்குச் சமையலறையில் வெங்காயம் நறுக்காமலே அழுதேன். நம் வீடுகளில் பெண் குழந்தை பேசினால் வாயாடி, பேசாவிட்டால் மக்கு. சரியான அளவு எவ்வளவு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அரிசிக்குத் தண்ணீர் அளவு சொல்லிக் கொடுத்தார்கள், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இவர் என்ஜினீயர். சென்ட் லோரன்ட்டில் விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. உலகத்தில் பழுது என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஸ்பானரும் இருக்கும் என்று நம்புகிறவர்.

“பயம்தான் காரணம். கதை கேட்டா பயம் போயிடும்” என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் ஒரு புத்தகத்தோடு வந்து நின்றார்.

தொழிற்சாலையில் இவருக்குப் பக்கத்து மேஜை மிஸ்டர் மொரீட்டா. ஜப்பான்காரர். அவர் மகள் வளர்ந்து காலேஜ் போய்விட்டாளாம். அவள் சின்ன வயசில் படித்த படக்கதைப் புத்தகத்தை சுதாவுக்காகக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து வணங்கிக் கொடுத்தாராம். அதற்கு ‘மாங்கா’ என்று பேராம். நான் உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்து வைக்காத குறைதான்.

புத்தகம் டெலிபோன் டைரக்டரி கனம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படம். எழுத்து எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. மை கொட்டின தரையில் எறும்பு நடந்த மாதிரி இருந்தது.

“படம் இருக்கே, போதாதா?” என்றார் இவர். சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாமெல்லாம் எப்படித் திறப்போமோ அப்படி இடது பக்க அட்டையைத் திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

ஒரு சின்னப் பெண். தலையில் கிரீடம். ஜனங்கள் பூத்தூவி வணங்குகிறார்கள்.

“பாத்தியா லலிதா! பட்டாபிஷேகம்! எடுத்ததுமே மங்களமா ஆரம்பிக்கிறான் பாரு. ஜப்பான்காரனும் நம்மாள்தான்.”

உபன்யாசம் தொடங்கிவிட்டது. தினமும் சாயங்காலம், சுதா பால் குடித்து முடித்ததும் ஒரு அத்தியாயம். பெண்ணுக்கு மீனா என்று இவரே பேர் வைத்தார். சுதா தன் பங்குக்கு டிராகனுக்கு பாப்பு என்று வைத்தாள்.

கதை என்ன தெரியுமா? மீனா மகாராணி. ஊருக்கு நடுவே ஒரு மலை. அந்த மலை மெல்ல அசைந்து, கண் திறந்து, பாப்பு என்கிற டிராகனாக எழுந்து நிற்கிறது. உடைந்து கிடக்கிற கற்களெல்லாம் ஒன்று சேர்ந்து ஆகாயத்தில் ஒரு கோட்டையாகின்றன. செத்துக் கிடக்கிற கொம்பு வைத்த அசுரன் எழுந்து உட்காருகிறான்.

நான் சப்பாத்தி இட்டுக்கொண்டே கேட்டேன்: “செத்தவன் எப்படி எழுந்தான்?”

“மீனா கையில இருக்கு பாரு, அது சஞ்சீவிக் கத்தி. தொட்டா உயிர் வந்துடும்.”

“கத்தியால் குத்தின மாதிரி இல்ல இருக்கு?”

“ஊசி போடற டாக்டரும் குத்தத்தான் செய்யறான். நீ சும்மா இரு.”

அடுத்த அத்தியாயத்தில் மீனவர் குப்பம் ஒன்று பற்றி எரிகிறது. அசுரன் வாய்க்கும் குப்பத்துக்கும் நடுவே பெரிய தீ. பக்கத்தைத் திருப்பினால் குப்பம் புத்தம் புதுசாக நிற்கிறது. இவருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. “அத்தனை நெருப்பையும் தானே முழுங்கிட்டான்! விஷத்தை முழுங்கின சாமி நம்மகிட்ட இல்லையா? இவன் அசுரன் இல்ல, மகான்!”

அப்புறம் பார்த்தால் பாப்பு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போகிறது. யானை அளவு. மாட்டு அளவு. பூனை அளவு.

“இதென்ன இப்படி இளைக்குது?”

“தவம்! தவம் பண்ணினா உடம்பு இளைக்காதா?”

என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். அதற்கான பலனை அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அனுபவித்தார்.

கடைசியில் பாப்பு ஒரு முட்டைக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்கிறது. மீனா அதைக் கடற்கரை மணலில் வைத்துவிட்டு, கிரீடம் கத்தி எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு தன் குடிசைக்குப் போகிறாள். அம்மா மீன் குழம்போடு காத்திருக்கிறாள். சுபம்.

சுதா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள்… சாப்பிட்டு முடித்த திருப்தி அதில் இருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. இவரிடம் ஒப்புக்கொள்வேனா?

பள்ளிக்கூடத்தில் மட்டும் பூட்டு அப்படியே இருந்தது.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. இட்லி வெந்துகொண்டிருந்தது. கூடத்திலிருந்து சுதா வீல் என்று கத்தினாள்.

“அப்பா! மீனா! டி.வி.ல மீனா!”

ஓடிப்போய்ப் பார்த்தால் நிஜமாகவே மீனா! கலரில்! முடி நீலம். கண் ஒவ்வொன்றும் இட்லித் தட்டு அளவு. ஜப்பானில் எடுத்த கார்ட்டூனுக்கு பிரெஞ்சில் குரல் கொடுத்துப் போடுகிறார்கள். வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு இன்னொரு பக்கம் போகிறது.

உங்கள் மெட்ராஸ் டி.வி.யில் வயலும் உரமும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கூத்தை எப்படி விளக்குவது? மீனா பாறையிலிருந்து குதிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிக்கிறாள்… குதிக்கிறாள்… முடி பறக்கிறது, கண்ணீர் பறக்கிறது, பின்னால் கோடு கோடாக என்னவோ ஓடுகிறது. விளம்பரம் வந்து போகிறது. இன்னும் குதிக்கிறாள். அதற்குள் நான் ஒரு ஈடு இட்லி எடுத்துவிடலாம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை பஜனைக் கோஷ்டியில் இதற்கு பலத்த கண்டனம். “குழந்தைகளுக்கு இந்தப் பூதக் கதையெல்லாம் ஆகாது. ஒரே வெட்டுக் குத்து” என்றார்கள். நம் கதைகளில் வயிற்றைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டுக்கொண்டால் பக்தி. ஜப்பான்காரன் ஒரு கொம்பு வைத்தவனைக் குத்தினால் வன்முறையா? வாயில் சுண்டல் இருந்ததால் நான் இதைக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டி.வி.யில் அன்று முதல் பகுதி. மீனா குடிசையிலிருந்து வருகிறாள், கடற்கரையில் முட்டையைக் கண்டெடுக்கிறாள்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். “இது கடைசி அத்தியாயம் ஆச்சே! ரீலை மாத்திப் போட்டுட்டான்!”

அடுத்த வாரம் முட்டை உடைந்து பாப்பு வெளியே வந்தது. அதற்கடுத்த வாரம் வளர்ந்தது. இவர் மசியவில்லை. ஒட்டுமொத்த ரீல் பெட்டியையும் தலைகீழாக அடுக்கியிருக்கிறான், டி.வி. ஸ்டேஷனுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். போன் பேச யோகம் அக்காவைக் கூப்பிட்டார்.

“ஐயோ அண்ணை, என்னைப் பைத்தியம் எண்டெல்லோ நினைப்பினம்!” என்று அக்கா ஓடியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மிஸ்டர் மொரீட்டாவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். புத்தகம் கொடுத்ததற்கு நன்றி சொல்லத்தான். சாட்சி சொல்லவும்தான். ரசம் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே இவர் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, டி.வி.காரனின் முட்டாள்தனத்தை விவரித்தார்.

மிஸ்டர் மொரீட்டா நன்றாகக் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து, அப்படியே திருப்பிப் போட்டார். வலது பக்க அட்டையைத் திறந்தார். கடற்கரை. முட்டை.

“எக்ஸ்க்யூஸ் மீ… ஜப்பானில் இந்தப் பக்கமிருந்து படிப்போம்” என்றார் இங்கிலீஷில், ஏதோ அவர்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி.

ரசம் ஆறியது. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். சஞ்சீவிக் கத்தி! தவம்! மகான்!

திரும்பி வந்தபோது மிஸ்டர் மொரீட்டா தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சுதா ஒரு மூலையில் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியில் டிராகன் இறந்துவிடும். ஊரைக் காப்பாற்றக் குறுக்கே படுத்து, கல்லாகி, மலையாகிவிடும். என் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உங்கள் மகளுக்குத் தெரியுமா?”

என் சிரிப்பு நின்றுவிட்டது.

தெரியாதே! சுதாவைப் பொறுத்தவரை பாப்பு முட்டைக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. வகுப்பில் பேசாத குழந்தைக்குப் பேச்சுத் துணை அந்தப் பாப்புதான். குளிக்கிற தொட்டியில் அதோடு பேசுகிறாள், பூட்ஸ் மாட்டும்போது பேசுகிறாள். அது டி.வி.யில் கண் முன்னால் செத்தால்? அப்பா சொன்னதெல்லாம் பொய் என்று ஆனால்? வீட்டிலும் வாயை மூடிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

ஈஸ்டர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பகுதி வருகிற சனிக்கிழமை இவர் என்னென்னவோ செய்து பார்த்தார். பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் போகலாம் என்றார். ஐஸ்கிரீம் என்றார் — அந்தக் குளிரில்! டி.வி.யின் பின்னால் போய் ஒரு வயரை உருவினார். சுதா போய் அதைத் திரும்பச் சொருகினாள். என்ஜினீயர் மகள்.

பாப்பு செத்தது. அதுவும் சும்மா சாகவில்லை. ஜப்பான்காரன் ஈவு இரக்கம் இல்லாதவன். மெதுவாக, இசையோடு, வாலிலிருந்து ஒவ்வொரு அங்குலமாகக் கல்லாகி, கடைசியில் கண் மூடி… நான் தேம்பிவிட்டேன். இவர் மூக்கை உறிஞ்சினார். மீனாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. யாருக்கு வேண்டும் அந்தப் பட்டாபிஷேகம்?

சுதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இவர் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “சுதாக்குட்டி… அப்பா புஸ்தகத்தைத் தப்பாப் படிச்சுட்டேன்டா. பின்னாடியிலேர்ந்து படிச்சுட்டேன்.”

“தெரியும்பா.”

“தெரியுமா?”

“அந்த மாமா திருப்பிக் காட்டினாரே, அப்பவே பாத்தேன்.” அவள் எங்கள் இருவரையும் குழந்தைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “டி.வி.காரங்க இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போறாங்க. போயி அப்படியே விட்டுட்டாங்க. பாப்புவை யாராவது திரும்ப முட்டைக்குக் கூட்டிட்டு வரணும்ல? அதைத்தான் நீ படிச்சே.”

இவர் அவளை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது. மதாம் ஜினெட்டின் குரல். அவள் சொன்ன வேகத்துக்கு எனக்கு ‘சுதா’ என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. நல்ல வேளை, யோகம் அக்காவுக்கு அன்று லீவு. ரிசீவரை வாங்கி, “உய்… உய்…” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுக்கொண்டே இருந்தவர், சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னக்கா? சொல்லுங்களேன்!”

“பொறும் பொறும்… வகுப்பில எல்லாப் பிள்ளையளும் ஒரே அழுகையாம். அந்த டிராகன் செத்துப்போச்சாம் எண்டு. மதாமுக்கு என்ன செய்யிறதெண்டே தெரியேல்லையாம். அப்ப உம்மடை பிள்ளை எழும்பி நிண்டவளாம்.”

“நின்னு?”

“‘அது இன்னும் முடியேல்ல, பாதிதான் வந்திருக்கு. மிச்சம் எங்கட வீட்டில இருக்கு’ எண்டவளாம்! பேந்து கரும்பலகையில படம் கீறிக் கீறி, சாப்பாட்டு மணி அடிக்கும் மட்டும் நிப்பாட்டாமல் கதைச்சவளாம்.” அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “முழுக்க பிரெஞ்சிலையாம், லலிதா. கத்தி, தவம், நெருப்பு முழுங்கினது எல்லாம் சொன்னவளாம். முட்டைக்குள்ள போய்ப் படுத்ததும் பிள்ளையள் எல்லாம் கை தட்டினவையாம். முதல் வகுப்பும் இல்லை, ஒண்டும் இல்லையாம். அடுத்த வகுப்புக்குத்தான் போறாள்.”

நான் யோகம் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் வெங்காயம் நறுக்கினேன். அப்புறம் தொழிற்சாலைக்குப் போன் போட்டு இவரிடம் சொன்னேன். எடுத்த எடுப்பில், “தவம் பண்ணினா இளைக்கும்னு சொன்னாளா?” என்று கேட்டார்.

இப்போது புரிகிறதா, சந்தையில் அந்த அம்மாள் ஏன் என்னை முத்தமிட்டாள் என்று? சுதாவின் வகுப்பில் படிக்கிற அவள் பெண்ணும் பாப்புவுக்காகச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். சுதா முட்டைக்குள் படுக்க வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்து தட்டைத் தொட்டாளாம். அந்தப் பெண் கோட்டைப் பிடித்து இழுத்துக் கேட்டதும் அதைத்தான்: வேறு கதை இருக்கிறதா?

இல்லாமலா? இவர் திங்கட்கிழமை தொழிற்சாலை திறந்ததுமே மிஸ்டர் மொரீட்டாவிடம் போய் நின்றார். அவரும் இன்னொரு புத்தகம் கொடுத்தார். அதே காகிதம், அதே இரண்டு கை, அதே வணக்கம். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக, வலது பக்க அட்டையில் ஒரு சிவப்பு அம்புக்குறி வெட்டி ஒட்டியிருந்தார். ஆரம்பம் இங்கே, என்று.

இவர் பயபக்தியோடு அந்த அம்புக்குறியைப் பார்த்து, வலது பக்கத்தைத் திறக்கப் போனார். சுதா புத்தகத்தைப் பிடுங்கினாள். அம்புக்குறியைப் பிய்த்துப் போட்டாள். புத்தகத்தைத் திருப்பி அப்பா மடியில் வைத்துவிட்டு, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னாள். பிரெஞ்சில்.

இவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. அக்காவிடம் அரைகுறையாகக் கற்ற எனக்குப் புரிந்தது: “அப்பா எந்தப் பக்கம் திறக்கிறாரோ, அதுதான் ஆரம்பம்.”

இன்னும் நான் இவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே மனுஷன் தலைகால் புரியாமல் திரிகிறார்!